தரிஃபாவில் ஒரு லெவாந்தே நாள்: கரையின் வளைவு காப்பாற்றிய கதை

ஸ்பெயினின் காதிஸ் மாகாணத்தில், ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது தரிஃபா. எதிரே மொராக்கோ. நடுவில் இருக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான். ஊரிலிருந்து வடமேற்காகப் போனால் முதலில் லோஸ் லான்சஸ் என்ற நீண்ட மணல்கரை, அதைத் தாண்டினால் வால்தெவாக்கெரோஸ், அதன் மேற்குக் கோடியில் புந்தா பலோமா முனையும் ஒரு பெரிய மணல்மேடும். காற்று எழும் நாளில் இந்தக் கரை முழுக்க வானத்தில் பட்டங்கள்தான். பெரிய பட்டம் இழுக்க, பலகை மேல் நின்று கடலில் ஓட்டும் விளையாட்டுதான் கைட்சர்ஃபிங். ஐரோப்பாவில் அதைப் பழகுபவர்கள் எப்படியும் ஒரு தடவை வந்துவிடும் இடம் இது.

இங்கே ஆராயப்போவது ஒரு சிறிய நிகழ்வு. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. ஒரு பட்டம் கடலில் விழுந்தது, ஒருவர் படகில் கரைக்கு வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். ஆனால் அதே கோளாறு அதே நேரத்தில் சில கிலோமீட்டர் கிழக்கே லோஸ் லான்சஸில் நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. கைட்சர்ஃபிங் பற்றிப் பேசும்போது எல்லாரும் முதலில் கேட்பது "இன்றைக்கு எத்தனை நாட்?" என்பதைத்தான். நாட் என்பது கடலில் காற்றின் வேகத்தைச் சொல்லும் அலகு. வேகத்தைக் கேட்பதற்கு முன்னால், இந்தக் கரையில் இந்தக் காற்று என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது

கோடைக்காலம். முந்தைய நாளிலிருந்தே லெவாந்தே, அதாவது கிழக்குக் காற்று, வீசிக்கொண்டிருந்தது. காலையில் சுமார் 20 நாட். வால்தெவாக்கெரோஸின் மேற்குப் பக்கம், மணல்மேட்டுக்கு அருகில், பயிற்சிப் பள்ளிகளும் தனியாக வந்தவர்களுமாகக் கூட்டம். தனியாக வந்தவர்களில் ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கதை. அவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். புதியவர் இல்லை. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஓட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்தவர். இந்த விளையாட்டில் அது ஒரு முக்கியமான கட்டம். சின்னச் சின்னத் தாவல்களும் கைவந்திருந்தன. 9 சதுர மீட்டர் பட்டத்தோடு இறங்கினார். காலைக் காற்றுக்கு அது சரியான அளவுதான்.

நண்பகலுக்குப் பிறகு காற்று ஏறியது. கரையில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரியும். மணல் கணுக்கால் உயரத்தில் பறந்து முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்தும். கார் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறக்க முடியும். இறக்கி வைத்த பட்டங்களின் மேல் மணலை அள்ளி அள்ளிப் போட்டு அழுத்தி வைப்பார்கள். பலர் கரைக்கு வந்து 9ஐக் கழற்றிவிட்டு 7ஐ மாட்டினார்கள். சிலர் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கடலிலேயே இருந்தார்.

கரையிலிருந்து முந்நூறு மீட்டர் வாக்கில் ஒரு தாவல். மேலே போனதும் பட்டம் தலைக்கு மேல் கடந்து பின்னால் போய்விட்டது. நூல்கள் தளர்ந்தன. அவரும் விழுந்தார், பட்டமும் விழுந்தது. சாதாரணமாக இது பெரிய விஷயமே இல்லை. பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய் என்பதால் அது மிதக்கும், நூலை இழுத்து மறுபடி எழுப்பிவிடலாம். இந்தத் தடவை தளர்ந்த நூல்களில் ஒன்று பட்டத்தின் ஓரத்தில் சுற்றிக்கொண்டது. பட்டம் நேராக எழாமல் ஒரே பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் அவரை இழுத்துத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தது.

கைப்பிடியை விட்டார். பொதுவாக அதை விட்டாலே பட்டத்தின் இழுவை குறைந்துவிடும். நூல் சுற்றிக்கொண்ட பட்டத்திடம் அது பலிக்காது, சுழற்சி தொடர்ந்தது. அடுத்தது, பட்டத்தை உடலோடு இணைக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் அவசர விடுவிப்பு. அதைத் தள்ளினார். பட்டம் ஒரே நூலில் தொங்கும் துணியாக மாறி, காற்றை இழந்து தண்ணீரில் படுத்தது. பலகை ஏற்கெனவே போய்விட்டது.

பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். என்ன கேட்டாளோ, கரைக்குக் கேட்கவில்லை. பிறகு கரையை நோக்கி வந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழுமாக அசைத்தாள். உதவி வேண்டும் என்பதற்கான கடல் சைகை அது. ஒரு பயிற்சிப் பள்ளியின் ரப்பர் படகு கிளம்பியது. அதற்குள் அவர் நூலைக் கைப்பிடியில் சுற்றிச் சுற்றிப் பட்டத்தை எட்டிப் பிடித்துவிட்டார். படகு வந்து முதலில் ஆளை ஏற்றியது, அப்புறம் காற்றை இறக்கிப் பட்டத்தைச் சுருட்டியது. கரைக்கு வந்ததும் அவர் கேட்டது பலகையைப் பற்றித்தான். அது மணல்மேட்டுக்குக் கீழே, புந்தா பலோமா வளைவில் தானாகவே ஒதுங்கிக் கிடந்தது.

அந்தப் பலகைதான் இந்த நிகழ்வின் முக்கியமான சாட்சி. ஓட்ட ஆள் இல்லாத ஒரு பொருளைக் காற்றும் அலையும் கரைக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. படகு வராமல் போயிருந்தாலும் அவரும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கியிருப்பார். கொஞ்சம் நேரமாகியிருக்கும், ஆனால் ஒதுங்கியிருப்பார்.

ஏன் அவ்வளவு இழுவை

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறும். 20 நாட் 30 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பட்டத்தின் மேல் விழும் விசை 2.25 மடங்கு. காலையில் சுகமாக இழுத்த அதே 9 சதுர மீட்டர் துணி, மதியத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கும் பெரிய துணி போல இழுக்கும். 30 நாட் என்பது மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேல். லெவாந்தே அதையும் தாண்டி 40 நாட் வரை போகும் நாட்கள் தரிஃபாவில் அபூர்வம் இல்லை.

இதற்கு மேல் ஒரு சிக்கல், லெவாந்தே சீராக வீசாது. நிலத்தைத் தாண்டி, குன்றுகளையும் மேடுகளையும் உரசிக்கொண்டு வருவதால் கரையோரத்தில் அது விட்டு விட்டு அடிக்கும். ஒரு நொடி பட்டம் தொய்யும், அடுத்த நொடி பிடுங்கும். நூல் தளர்ந்து சிக்குவதற்கு இதைவிட ஏற்ற சூழல் கிடையாது. உள்ளே, ஆழப் பகுதிக்குப் போனால் காற்று சீராகும். அதனால் அனுபவசாலிகள் தள்ளிப் போய் ஓட்டுவார்கள். தள்ளிப் போகப் போக, கோளாறு வந்தால் திரும்ப வேண்டிய தூரமும் கூடும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? நீரிணையின் வடக்கே ஸ்பெயினின் மலைகள், தெற்கே மொராக்கோவின் ரிஃப் மலைகள். மத்தியதரைக் கடல் பக்கம் அழுத்தம் கூடி, அட்லாண்டிக் பக்கம் அழுத்தம் குறையும்போது காற்றுக்கு மலை ஏறிப் போவதைவிட இந்த இடைவெளி வழியாகப் பாய்வது சுலபம். மதகைத் திறந்தால் தண்ணீரின் முழு வேகமும் வெளியேறும் பக்கத்தில்தான் தெரியும். நீரிணை என்ற மதகின் வெளிவாயிலில் உட்கார்ந்திருக்கும் ஊர் தரிஃபா. அதே லெவாந்தே ஜிப்ரால்டர் பாறைக்கு மேல் ஈரத்தோடு ஒரு மேகத்தைக் கட்டி நிறுத்தும். தரிஃபாவுக்கு வரும்போது வறண்டு, வானம் தெளிவாக இருக்கும். வெயில் அடிக்கிறது, வானம் நீலமாக இருக்கிறது, கரையில் நிற்க முடியவில்லை. முதன்முறை வருபவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். புயல் என்றால் மேகம் வரும் என்றே பழகியவர்கள் நாம்.

தண்ணீருக்கு அடியிலும் கதை இருக்கிறது. மத்தியதரைக் கடலில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட அட்லாண்டிக்கிலிருந்து மேற்பரப்பு நீர் கிழக்கு நோக்கி உள்ளே போகிறது. உப்பு மிகுந்த கனமான நீர் அடியில் மேற்கு நோக்கி வெளியே வருகிறது. லெவாந்தே கிழக்கிலிருந்து அடிக்கும்போது, நீரிணையின் நடுவில் அது மேற்பரப்பு நீரோட்டத்துக்கு நேர் எதிரே மோதுகிறது. அதனால் அங்கே எழும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுக்கடுக்காக இருக்கும். பட்டம் இல்லாமல் அதில் மிதப்பது யாருக்கும் கடினம்.

அதே கோளாறு லோஸ் லான்சஸில்

லோஸ் லான்சஸ் தென்மேற்கைப் பார்த்த கரை. அங்கே லெவாந்தே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நூல் சிக்கி, பலகை போய், தண்ணீரில் கிடக்கும் ஒருவரைக் காற்று ஒவ்வொரு நிமிடமும் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். கரைக்கு அருகில் தண்ணீர் சலனமில்லாமல் தெரியும், ஏனென்றால் அலை எழும்ப அங்கே தூரம் போதாது. அந்த அமைதியைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை கிலோமீட்டர் போனதும் நிலைமை தலைகீழ்.

பட்டத்தையே பாய்மரமாகப் பிடித்துக்கொண்டு கரைக்கு வருவது கைட்சர்ஃபிங்கில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். காற்று ஓரளவாவது கரைப் பக்கம் வீசினால்தான் அது வேலை செய்யும். நிலத்திலிருந்து வீசும் காற்றில் அதே பட்டம் ஆளை இன்னும் வேகமாக வெளியே கொண்டுபோகும். பட்டத்தை விட்டுவிட்டு நீந்தலாம் என்றால், கடலில் தேடுபவர்கள் கண்ணுக்குப் படும் ஒரே பெரிய பொருளும் போய்விடும். மிதவையும் போய்விடும். அதற்கு அப்பால் இருப்பது உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பல்களுக்கும் குறையாமல் போய்வரும் நீரிணை இது. காற்று மிஞ்சினால் தரிஃபாவிலிருந்து தாஞ்சியர் போகும் பயணிகள் கப்பலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடலில் ஒரு மனிதத் தலை எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?

வால்தெவாக்கெரோஸில் கரை வளைகிறது. அதன் மேற்குப் பகுதியில் லெவாந்தே கரையோடு ஒட்டி, கொஞ்சம் வெளியே சாய்ந்து ஓடும். காற்று போகும் திசையில் புந்தா பலோமா முனை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. தவறிப்போனவர்களை அந்த முனை பிடித்துக்கொள்கிறது. அதற்காகத்தான் லெவாந்தே நாட்களில் பள்ளிகள் அங்கே குவிகின்றன. அந்த முனையையும் தவறவிட்டால் அடுத்தது பொலோனியா விரிகுடா வரை திறந்த கடல்தான். ஆகவே வால்தெவாக்கெரோஸ் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தப்பிக்க ஒரு இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது. லோஸ் லான்சஸில் லெவாந்தே நாளில் அது இல்லை.

பொனியெந்தே எனப்படும் மேற்குக் காற்று வரும்போது கணக்கு மாறும். அது அட்லாண்டிக்கிலிருந்து குளிர்ச்சியாக, சீராக, லெவாந்தேயைவிட மென்மையாகக் கரையை நோக்கி வரும். அப்போது லோஸ் லான்சஸ் பழகுவதற்கு அருமையான இடம். கோளாறு வந்தால் கரைக்கே வந்துவிடலாம். அங்கே உள்ள ஆபத்து வேறு மாதிரி. திடீர் இழுப்பில் பட்டம் ஆளைத் தூக்கி மணலில், வேலியில், குளிக்க வந்தவர்கள் நடுவில் போடலாம். 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, இழுபட்டு நிற்கும் மெல்லிய நூல் கூட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஸ்பெயினின் கடற்கரை விதிகளின்படி, மிதவை கட்டி எல்லை குறிக்காத மணல்கரைகளிலும் முதல் 200 மீட்டர் கடல் குளிப்பவர்களுக்கானது. கோடையில் குளிப்பவர்கள் பகுதியிலிருந்து பட்டங்களைப் பிரித்து வைப்பது இங்கே ஆண்டுதோறும் நடக்கும் வேலை. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு நியாயமாகவே படுகிறது.

அதே காற்று, மணலுக்கும் பறவைக்கும்

அந்த மனிதரைப் புந்தா பலோமா பக்கம் தள்ளிய அதே லெவாந்தேதான் அங்கே மணல்மேட்டையும் கட்டியது. 1940களில் அங்கிருந்த ராணுவ முகாமை மணல் மூடாமல் இருக்கத் தடுப்புகள் வைத்தார்கள், அவற்றில் தங்கிய மணல் குன்றானது என்று சொல்லப்படுகிறது. இன்று அது உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, பைன் மரங்களைப் பாதிவரை புதைத்து, புந்தா பலோமாவுக்குப் போகும் சாலையின் மேல் வந்து விழுகிறது. பலத்த லெவாந்தே சில நாள் நீடித்தால் சாலை மணலுக்குள் போய்விடும். இயந்திரம் வந்து அள்ளும், காற்று மறுபடி கொண்டுவரும். அந்தச் சாலையில் மணல் அள்ளும் வண்டிக்குப் பின்னால் காத்திருக்கும் கார்களில் பாதிக்கு மேல் கூரையில் பலகை கட்டியிருக்கும். தங்களை இங்கே வரவழைத்த காற்றுதான் வழியையும் மறிக்கிறது என்பது அந்த வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும்.

லோஸ் லான்சஸின் ஈரநிலப் பகுதி 1989 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தலம். 2003இல் நீரிணை இயற்கைப் பூங்கா உருவானது. கரை மணலில் உப்புக்கொத்திகள் வெறுந்தரையில் முட்டையிடும். முட்டையின் நிறம் மணலோடு கலந்துவிடும், மிதித்த பிறகுதான் தெரியும். பட்டம் தாழப் பறந்தால் அதன் நிழல் வேட்டைப் பறவையின் நிழலாகவே தாய்ப்பறவைக்குப் படும். அது எழுந்து ஓடினால் முட்டை வெயிலில் கிடக்கும். பருந்துகளும் நாரைகளும் ஆயிரக்கணக்கில் ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடக்கும் பாதையும் இதுதான். பலத்த லெவாந்தேயில் அவையும் கடக்க முடியாமல் இந்தக் கரையில் காத்திருக்கும். இடம் தேடி அலையும் பறவைகளும் பட்டங்களும் ஒரே நாளில் ஒரே மணலுக்கு வருகின்றன. இதில் நான் பறவைகள் பக்கம். நமக்கு வேறு கரைகள் உண்டு.

2012இல் வால்தெவாக்கெரோஸுக்கு அருகில் ஹோட்டலும் நூற்றுக்கணக்கான வீடுகளும் கட்டும் திட்டத்துக்கு நகராட்சி ஒப்புதல் கொடுத்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம் அது. ஊரில் பலர் ஆதரித்ததில் வியப்பில்லை. சூழல் அமைப்புகளோடு கடல் விளையாட்டுக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது. கட்டடங்கள் வந்திருந்தால் காற்றின் ஓட்டமும் மணலின் ஓட்டமும் மாறியிருக்கும் என்று கருதுகிறேன். மேற்சொன்ன நிகழ்வில் திறந்த கரை எவ்வளவு உதவியது என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும்.

இவ்வளவு நெருக்கடி இந்தக் கரைக்கு வந்தது சமீபத்தில்தான். 1980களில், பாய் பொருத்திய பலகையில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்காரர்கள் தரிஃபாவைத் தேடி வந்தார்கள். 1984இல் பிரான்ஸின் லெகெய்னூ சகோதரர்கள் தண்ணீரில் மிதந்து மறுபடி எழும் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். அது சந்தைக்கு வர 1990களின் பின்பகுதி ஆனது. அதற்குப் பிறகு இந்த ஊரின் முகமே மாறியது. கத்தலோனியாவில் பிறந்து சிறுவயதில் தரிஃபாவுக்குக் குடிவந்த ஹிசேலா புலிதோ 2004இல் பத்து வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் போட்டி முதன்முறையாக நடந்தபோது ஸ்பெயினுக்காக இறங்கியவரும் அவர்தான்.

எது காப்பாற்றியது, எது போதவில்லை

அந்த மதியத்துக்கே திரும்புகிறேன். கோளாறின் வேர், காற்று ஏறிய பிறகும் பெரிய பட்டத்தோடு கடலில் இருந்தது. அதைத் தாவல் வெளிக்கொண்டுவந்தது, நூல் சிக்கல் பெரிதாக்கியது. சரியாக நடந்தவை பல. அவசர விடுவிப்பை அவர் தயங்காமல் தள்ளினார். சுழலும் பட்டத்தோடு அரை நிமிடம் போராடியிருந்தால் மூச்சு வாங்கியிருக்கும், கை நடுங்கியிருக்கும், விடுவிப்பைத் தேடிப் பிடிப்பதே பாடாகியிருக்கும். பக்கத்தில் இருந்த பெண் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரிடம் போனாள், சைகை கொடுத்தாள். கரையில் ஒரு படகு தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் நின்ற கரை அந்தக் காற்றுக்கு ஏற்ற கரை.

போதாதது ஒன்றைத்தான் சொல்வேன். காற்று ஏறியதைக் கரையில் இருந்த எல்லாரும் உணர்ந்தோம். கடலில் இருந்தவருக்கு அதைச் சொல்ல வழி இல்லை. பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு ஹெல்மெட்டில் ரேடியோ உண்டு, தனியாக வருபவர்களுக்கு யாரும் இல்லை. கூட ஒருவர் கரையில் இருந்து கைகாட்டிக் கூப்பிட்டிருந்தாலே போதும். தரிஃபாவுக்குப் போகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: தனியாக இறங்காதீர்கள். லெவாந்தே என்றால் லோஸ் லான்சஸ் பக்கம் பட்டத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். இறங்குமுன் ஒரு பிடி மணலை எடுத்துத் தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் கரை இருக்கிறதா, கடல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். நனையாத உறையில் போன் வைத்துக்கொள்ளுங்கள். கடல் மீட்புப் படையின் அவசர எண் 900 202 202, ரேடியோ என்றால் சேனல் 16. கரைக்கு வந்துவிட்டால் அவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள், ஆளில்லாத பட்டம் மிதப்பதைப் பார்த்து யாராவது தகவல் கொடுத்திருக்கலாம், தேடல் வீணாக நீளும்.

ஊர் நிர்வாகத்திடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. கரைக்குப் போகும் ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் ஒரு அறிவிப்புப் பலகை. அதில் அந்தக் கரையின் வரைபடம், அதன் மேல் லெவாந்தேக்கு ஒரு அம்பு, பொனியெந்தேக்கு ஒரு அம்பு. ஒவ்வொரு அம்பும் எங்கே போய் முடிகிறது என்பது பெரிய எழுத்தில். எந்த மொழி பேசுபவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.